நோர்வேயில் யசிந்தாவுக்கு ஒரு புருசன்

தான் கலியாணம் முடிக்காதவள் என்பதை நிரூபிக்க யசிந்தா 1989ஆம் ஆண்டு மாசி மாதம் முழுவதையும் செலவழித்தாள். பங்குனி கடைசிக் கிழமை, அவள் ஏற்கெனவே கலியாணம் முடித்தவள் என்று நோர்வேயிலிருந்து கடிதம் வந்தது.

யசிந்தாவுக்கு இருபத்தெட்டு வயது. குருநகரில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தில் தட்டச்சு வேலை. ஒரு எழுத்து வரியை விட்டுக் கொஞ்சம் இறங்கி விழுந்தாலும் தாளை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குகிற ஆள். பாசையூர்க் கிறிஸ்துநாயகத்தின் சம்பந்தம் பேசி வந்தபோதும், படத்தைப் பார்த்துத் தலையாட்டியதற்கு அடுத்ததாக அவள் கேட்டது, என்னென்ன பத்திரம் தேவை என்பதைத்தான்.

கிறிஸ்துநாயகம் நோர்வேயின் வடக்குக் கரையில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை செய்தான். அங்கே கலியாணம் எழுதுவதென்றால், இரண்டு பேரும் வேறு எவரையும் முடித்திருக்கவில்லை என்று அரசாங்கத்துக்கு முதலே காட்டியாக வேண்டும். அவன் நாலு பத்திரங்களை வரிசையாக எழுதி அனுப்பியிருந்தான்: பிறப்புச் சான்றிதழும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், கலியாணப் பதிவு எதுவும் இல்லையென்று கச்சேரி என்கிற மாவட்ட அலுவலகம் கொடுக்கும் துண்டு, பங்குச் சுவாமியின் கடிதம், அவளைச் சிறு வயது முதல் அறிந்த இரண்டு பேரின் சத்தியக் கடதாசி.

யசிந்தா சைக்கிளை எடுத்தாள். கிராமத்து அலுவலரான விதானையார் மூன்று வீடு தள்ளி இருப்பவர், அவளுக்கு இரண்டு சம்பந்தம் பேசி இரண்டும் குழம்பியதை நேரில் பார்த்தவர். அவரே மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, உண்மையாகவே முடிக்கவில்லையோ என்று கேட்டுத்தான் சத்தியக் கடதாசியில் ஒப்பம் வைத்தார். கச்சேரியில் ஒரு கிளாக்கர் நாலு நாள் இழுத்தடித்தார். இருக்கிற பதிவென்றால் கண்டவுடன் தேடுவதை நிறுத்தலாம், இல்லாத பதிவைத் தேடுவதை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது அவருடைய நியாயம். சுவாமியார் ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்து, கலியாணம் முடித்தால் குறிப்பு எழுதுகிற ஓரத்தைத் தடவிப் பார்த்து, வெறுமையாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். சந்தியில் மறித்த இந்திய ஆமிக்காரன் பையைக் கிண்டிப் பார்த்துவிட்டு, கடதாசியைத் தவிர வேறொன்றும் இல்லையே என்று ஏமாந்தவன்போலத் திருப்பிக் கொடுத்தான். மாசி முடிவதற்குள் நாலு பத்திரமும் தபாலில் போயின.

அதற்கு வந்த பதில்தான் அந்தக் கடிதம். கிறிஸ்துநாயகம் கோபமாக எழுதவில்லை. குழப்பமாக எழுதியிருந்தான். பதிவுக் கந்தோரில் இந்தப் பெயரும் இந்தப் பிறந்த திகதியும் தகப்பன் பெயரும் ஊரும் கொண்ட ஒரு பெண், நோர்வேயில் வசிக்கும் இன்னொருவரின் மனைவியாக நாலு வருடமாகப் பதிவில் இருப்பதாகச் சொன்னார்களாம். இதற்கு என்ன விளக்கம் என்று கேட்டு, பதிவின் பிரதி ஒன்றையும் வைத்திருந்தான்.

யசிந்தா அதைச் சங்கத்துக் கந்தோரில் வைத்தே வாசித்தாள். புருசன்: நீக்கிலாப்பிள்ளை சிமியோன். மனைவி: செபநாயகம் யசிந்தா. கலியாணம் 1980இல், குருநகரில். பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் சந்தியோகு, 1981 யூலை 25. இளையவள் மக்டலீன், 1982 யூலை 22.

சிமியோனை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதே ஒழுங்கையில் கடைசி வீட்டுக்காரன். இரண்டு பேரும் ஒரே நாளில் பிறந்து, ஒரே ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆகவே மனைவியின் பிறந்த நாளை அவன் பாடமாக்கியிருக்கத் தேவையில்லை, தன்னுடையதையே கொடுத்திருக்கிறான். 1985இல் வெளிக்கிட்டுப் போனான். பிறகு கடிதம் மட்டும்தான் வந்தது. அதுவும் தாய் அருமைநாயகிக்கு. அருமைநாயகிக்கு எழுத்துத் தெரியாது. நாலு வருடமாக அவனுடைய ஒவ்வொரு கடிதத்தையும் அவளுக்கு உரத்து வாசித்துக் காட்டிவந்தது யசிந்தாதான். குளிர், சம்பளம், சப்பாத்து, மீன் வெட்டுகிற யந்திரம் எல்லாம் எழுதியவன், பெண்சாதி பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் தாய் பெர்னடெட்டுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவள் அடுப்படிப் பலகையில் அப்படியே இருந்துவிட்டாள். முதலில் சந்தேகம், பிறகு அழுகை, பிறகு மறுபடியும் சந்தேகம். 1980இல் தட்டச்சுப் படிக்கிறேன் என்று பட்டணம் போய்வந்த நாட்களை மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது.

"அம்மா, ரெண்டு பிள்ளை பெத்தால் உங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்?" என்றாள் யசிந்தா.

"ஓமடி, அதுவும் சரிதான்," என்று பெர்னடெட் கொஞ்சம் தெளிந்தாள். "அப்ப உந்தப் பிள்ளையள் ஆற்றை?"

யசிந்தாவுக்கும் அவை யாருடைய பிள்ளைகள் என்பதுதான் இடித்துக்கொண்டிருந்தது. யூலை 25 சந்தியோகுமையார் திருநாள். யூலை 22 மரிய மக்டலேனாளின் திருநாள். இரண்டு பிள்ளையும் தங்கள் தங்கள் திருநாளிலேயே பிறக்குமா? அடுத்த நாள் காலையில் கந்தோர் அலுமாரியைத் திறந்து, வருடாவருடம் தானே தட்டச்சுச் செய்கிற பதிவுக் கட்டை எடுத்துப் பார்த்தாள். இருந்தார்கள் இரண்டு பேரும். சந்தியோகு, நீளம் பதினெட்டு அடி, எட்டுக் குதிரைவலு எஞ்சின். மக்டலீன், நீளம் பதினேழரை அடி. உரிமையாளர் நீக்கிலாப்பிள்ளை, சிமியோனின் தகப்பன். கடலில் இறக்கிய திகதிகள் அச்சொட்டாக அதே திகதிகள்.

மத்தியானம் சோறு தின்ன வந்தவள், "அம்மா, உவை ரெண்டும் வள்ளம்," என்றாள்.

தகப்பன் செபநாயகம் அதுவரைக்கும் இந்த விஷயத்தில் வாய் திறக்கவில்லை. இப்போது சோற்றுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினார். "சந்தியோகு நல்ல வள்ளம்," என்றார். "மற்றது கொஞ்சம் தண்ணி எடுக்கும்."

பிறகு அருமைநாயகியிடம் போகவேண்டி வந்தது. யசிந்தா சிறு வயதிலிருந்தே அவளை மாமி என்று கூப்பிட்டுப் பழகியவள். அன்று படலையில் நின்று அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டு, "அன்ரி," என்று கூப்பிட்டாள். அருமைநாயகி, ஆரோ வெளியாள் வந்திருக்கிறது என்று சீலையைச் சரிசெய்துகொண்டு வந்தாள்.

கதையைக் கேட்டு முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, கலியாணம் எந்தக் கோயிலில் நடந்தது என்பது. நடக்கவில்லை என்று யசிந்தா சொன்னாள். அப்படியென்றால் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நடக்காததை எப்படிச் சொல்வது என்று யசிந்தா கேட்டாள். இப்படி இரண்டு சுற்று வந்தபிறகு பிள்ளைகளின் பெயர் வந்தது. அதைக் கேட்டவுடன் அருமைநாயகி கரைப் பக்கம் திரும்பினாள். 1985இல் ஒரு விடியற்காலை, கரையில் கிடந்த பதினொரு வள்ளங்களை வந்தவர்கள் எரித்துவிட்டுப் போனார்கள். அவற்றில் இரண்டு நீக்கிலாப்பிள்ளையின் வள்ளங்கள். சிமியோன் அதற்கு இரண்டு மாதம் கழித்து வெளிக்கிட்டான். நீக்கிலாப்பிள்ளை அடுத்த வருடம் நெஞ்சு வருத்தத்தில் செத்துப்போனார்.

"என்ரை மனிசனும் உப்பிடித்தான் சொல்லுறவர், என்ரை மூத்தது, என்ரை இளையது எண்டு," என்று சொல்லி அருமைநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். யசிந்தாவுக்குத் தான் கொண்டுவந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தாள்.

ஆனால் மறுநாள் அருமைநாயகி ஒரு சட்டி நண்டுக் கறியோடு வந்து, மருமகளுக்கு என்று பெர்னடெட்டின் கையில் கொடுத்தபோது அந்தக் கோபம் திரும்பி வந்தது. ஒழுங்கையில் விஷயம் பரவ அந்த ஒரு சட்டி போதுமாயிருந்தது. தண்ணிக் குழாயடியில் நின்ற பெண்கள் பிள்ளைகள் சுகமோ என்று விசாரித்தார்கள். சங்கத்துக்கு மீன் கொண்டுவருகிற கிழவர் ஒருவர், மூத்தவனுக்கு இப்போது எட்டு வயது இருக்குமே, பள்ளிக்கூடம் போகிறானோ என்று கேட்டார். யசிந்தா நண்டுக் கறியைத் தின்னவில்லை. செபநாயகம் தின்றார்.

சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்தி ஒப்பம் வைத்தவர் நல்லூரில் இருந்த சோமசேகரம். சமாதான நீதவான், முன்பு சட்டத்தரணியிடம் கிளாக்கராக முப்பது வருடம் இருந்தவர். யசிந்தா அவரிடம் போனாள். அவர் பிரதியை மூன்று தரம் வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருக்கு உற்சாகம் ஏறியது. இப்படி ஒரு வழக்கு தன் காலத்தில் வரவில்லையே என்ற ஏக்கம் குரலில் தெரிந்தது.

விவாகரத்துத்தான் நேரான வழி என்று தொடங்கினார். ஆனால் விவாகரத்துக்கு வழக்குப் போடக் கலியாணப் பதிவு வேண்டும். பதிவு இல்லை. "அதாலை பிள்ளை, நீங்கள் முதலிலை சிமியோனை முடிக்க வேணும். பிறகு விடலாம்."

தாங்கள் கத்தோலிக்க வேதக்காரர், முடித்தால் விடமுடியாது என்று யசிந்தா சொன்னாள். அவர் அதை ஒரு பக்கத்தில் குறித்துக்கொண்டார். அடுத்து, மனைவி இறந்துபோனதாகக் காட்டினால் சிமியோனின் பதிவு தானாகத் தீர்ந்துவிடும் என்றார்.

"நான் செத்துப்போனால் கிறிஸ்துநாயகத்தை ஆர் ஐயா முடிக்கிறது?"

சோமசேகரம் கண்ணை மூடி யோசித்தார். "செத்தது வேறை யசிந்தா எண்டு சொல்லலாம்."

"ஒரே பேர், ஒரே தகப்பன், ஒரே ஒழுங்கை, ஒரே பிறந்த நாள்."

"இரட்டைப் பிள்ளையள்," என்றார் அவர்.

இரட்டைப் பிள்ளைகளுக்கு எந்தத் தகப்பன் ஒரே பெயரை வைப்பான் என்று யசிந்தா கேட்கவில்லை. பிரதியை வாங்கிப் பைக்குள் வைத்தாள். சைக்கிளில் திரும்பி வருகிற வழியெல்லாம் அவளுக்கு ஒன்று தெளிவாகிக்கொண்டு வந்தது. இந்த மனிதர் சொல்வது போல ஒரு பொய்யை மூட இன்னொன்று என்று போனால், நோர்வேயில் அவளுக்குப் பேரப்பிள்ளைகளும் வந்துவிடுவார்கள்.

அந்தக் கிழமை முடிவதற்குள் பாசையூரிலிருந்து றோஸ் வந்தாள். கிறிஸ்துநாயகத்தின் மூத்த சகோதரி. தகப்பனில்லாத தம்பிக்குப் பெண் பார்த்தது, பேசியது எல்லாம் அவள்தான். குடையைச் சுவரில் சாத்திவிட்டு, பிளேன்ரீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு குடித்துவிட்டு, பேச்சைச் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்தாள். தங்களுக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. ஆனால் ஊர் வாய் இருக்கிறதே. ஒரு டொக்டரிடம் போய், இந்தப் பெண் பிள்ளை பெறாதவள் என்று ஒரு துண்டு எடுத்து வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது.

பெர்னடெட் வாயைத் திறந்தாள். யசிந்தா அவளை முந்திக்கொண்டாள்.

"றோஸ் அக்கா, அந்தப் பிள்ளையள் கரையிலை கிடந்திருந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருப்பன். எரிச்சுப்போட்டாங்கள். டொக்டரிட்டை நான் போகமாட்டன்."

"நான் உன்ரை நன்மைக்குத்தான் பிள்ளை சொல்லுறன்."

"ஓம். உங்கடை தம்பிக்கு அது வேணுமெண்டால் அவரே எழுதிக் கேக்கட்டும். நான் அவருக்குப் பதில் எழுதுவன்."

றோஸ் குடையை எடுத்துக்கொண்டு போனாள். பெர்னடெட், சம்பந்தம் போய்விட்டது என்று தலையில் கை வைத்தாள். அன்றே யசிந்தா கிறிஸ்துநாயகத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். தட்டச்சில் அல்ல, கையால். பதிவில் உள்ள பிள்ளைகள் வள்ளங்கள் என்றும், சிமியோன் எதற்காக அப்படிச் சொன்னான் என்பதை அறிய அவனுக்கு எழுதப் போவதாகவும், உங்கள் அக்கா கேட்ட துண்டைத் தான் எடுக்கப் போவதில்லை என்றும் எழுதினாள். உங்களுக்கும் அது தேவையென்றால் ஒரு வரி எழுதுங்கள், உங்கள் படத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்று முடித்தாள். ஒரு இடத்தில் எழுத்துப் பிழைத்து வெட்டியிருந்தது. அதை அப்படியே விட்டு ஒட்டினாள்.

சிமியோனுக்கும் கடிதம் போனது, அருமைநாயகி சொல்லச் சொல்ல யசிந்தா எழுதினது. "ஏன் மோனை எனக்குச் சொல்லேல்லை," என்று அருமைநாயகி நாலு இடத்தில் எழுதச் சொன்னாள். யசிந்தா இரண்டு இடத்தில் எழுதினாள். கீழே தன் சார்பில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: சிமியோன், என்ன நடந்தது என்று உள்ளபடி எழுதவும்.

சித்திரை கடைசியில் அவனுடைய பதில் வந்தது. வழக்கம்போல அருமைநாயகி உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து யசிந்தாவின் மேசையில் வைத்துவிட்டு, எதிரே கதிரையில் இருந்தாள். யசிந்தா தன் புருசனின் கடிதத்தை அவனுடைய தாய்க்கு உரத்து வாசித்தாள்.

"அம்மா, இதை வாசிக்கிறவள் கோவிக்கக் கூடாது," என்று கடிதம் தொடங்கியது. போய் இறங்கின நாள் அவன் மூன்று நாள் நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறான். தனி ஆட்களை அடுத்த பிளேனில் ஏற்றிவிடுவார்கள், குடும்பக்காரர் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று ஏஜென்ற் சொல்லி அனுப்பியிருந்தான். பெண்சாதியின் பெயர் என்னவென்று அதிகாரி கேட்டபோது வாயில் வேறு பெயர் ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் என்று கேட்டபோது வீட்டில் இருந்து போனவை இரண்டும்தான் நினைவில் வந்தன. பிறகு மாற்றிச் சொல்லப் பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. பொய் என்று தெரிந்தால் அனுப்பிவிடுவார்களோ தெரியாது. ஆனால் யசிந்தாவின் கலியாணம் தன்னால் நிற்கக் கூடாது, அவள் சொல்வது எதுவோ அதைச் செய்கிறேன் என்று எழுதியிருந்தான்.

வாயில் வேறு பெயர் வரவில்லை என்ற வரியை யசிந்தா தனக்குள் ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் உரத்து வாசித்தாள். அருமைநாயகி அதைக் கவனிக்கவில்லை. அவளுக்கு வேறு கவலை.

"உண்மையைச் சொன்னால் அவனை அனுப்பிப்போடுவாங்களோ பிள்ளை?"

"தெரியாது மாமி," என்றாள் யசிந்தா.

"இஞ்சை வந்தால் அவன்..." என்று தொடங்கிவிட்டு, வெளியே சந்தியில் நின்ற ஆமிக்காரரைப் பார்த்து அருமைநாயகி நிறுத்திக்கொண்டாள். பிறகு எழும்பி, சீலைத் தலைப்பை இழுத்து விட்டாள். "உன்ரை வாழ்க்கையும் எனக்குப் பெரிசுதான். ஆனால் எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

அன்று யசிந்தா வேலை முடிந்தும் கந்தோரில் இருந்தாள். பதிவுக் கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். சிமியோன் சொன்ன பொய்யை அழிக்கவேண்டும், ஆனால் அவன் போன காரணம் பொய்யில்லை. பெண்சாதி பிள்ளைகள் இல்லை, சரி. ஆனால் வள்ளங்கள் இருந்தன, எரிந்தன, பிழைப்புப் போனது. அது எங்கேயும் எழுத்தில் இல்லை. அவள் தாளைச் செருகி, ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு பத்திரம் ஆங்கிலத்தில் அடித்தாள். பெயர், நீளம், எஞ்சின், உரிமையாளர், கடலில் இறக்கிய நாள். மேலே கூறப்பட்ட சந்தியோகு ஒரு மீன்பிடி வள்ளம், மனிதரல்ல. கடைசியாக: 1985ஆம் ஆண்டு குருநகர்க் கரையில் வைத்து எரிக்கப்பட்டது. உரிமையாளரின் மகன் சிமியோன் இதிலேயே தொழில் செய்தவர்.

சங்கத் தலைவர் கனிசியஸ் அண்ணை அடுத்த நாள் அதை வாசித்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார். முதலாவது, ஒரு வள்ளம் மனிதரல்ல என்று சங்கம் இதுவரை எவருக்கும் பத்திரம் கொடுத்ததில்லை, கூட்டத்தில் வைக்கவேண்டுமோ என்று யோசித்தார். இரண்டாவது, எரிக்கப்பட்டது என்ற வரி அவருக்குப் பிடிக்கவில்லை.

"தீப்பிடித்தது எண்டு போடுவமே."

"தானாய்ப் பிடிச்சதோ அண்ணை? பதினொண்டும் ஒரே நாளிலை?"

கனிசியஸ் வெளியே எட்டிப் பார்த்தார். சந்தியில் நின்றவர்களுக்கு இங்கிலீசு வாசிக்க வரும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. பதினொரு வள்ளங்களில் ஒன்று அவருடையது. "சரி. எரிக்கப்பட்டது எண்டு கிடக்கட்டும். ஆர் எண்டு மட்டும் போடாதை," என்று சொல்லி ஒப்பம் வைத்தார். பிறகு முத்திரையை மை நனைத்து, இரண்டு தரம் அமர்த்திக் குத்தினார்.

பத்திரங்களை யசிந்தா பதிவுக் கந்தோருக்கு அனுப்பவில்லை. சிமியோனுக்கு அனுப்பினாள். நீயே கொண்டுபோய்க் கொடு, நீயே வாயால் சொல், மற்றவர் சொல்லித் தெரியவந்தால்தான் கரைச்சல் என்று எழுதினாள். கிறிஸ்துநாயகத்தின் விலாசத்தையும் குறித்துவிட்டாள். அவனிடமிருந்து அதுவரை பதில் இல்லை. பெர்னடெட் ஒவ்வொரு நாளும் தபால்காரரின் சைக்கிள் மணிக்குப் படலைக்கு ஓடினாள். படத்தைத் திருப்பி அனுப்ப ஒரு உறையை எடுத்து மேசையில் வைத்ததைத் தவிர யசிந்தா எதுவும் செய்யவில்லை.

ஆனி மாதம் நடுவில் தடித்த உறை ஒன்று வந்தது. கிறிஸ்துநாயகம் ஆறு பக்கம் எழுதியிருந்தான். அவளுடைய கடிதம் தபாலில் எங்கோ ஐந்து கிழமை கிடந்து வந்ததாம். அதை வாசித்தவுடன் அவன் லீவு எடுத்துக்கொண்டு, சிமியோன் இருந்த தீவுக்கு ஆறு மணித்தியாலம் கப்பலில் போயிருக்கிறான். போனது அடிக்க. கதவைத் திறந்த சிமியோன் தன்னைவிட ஒரு சாண் உயரம் என்பதை அங்கேதான் கண்டிருக்கிறான். சிமியோன் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தான். பனங்கிழங்கை இடித்த ஒடியல் மா இல்லாமல், அங்கத்தைய மீன் தலையும் கோதுமை மாவும் போட்டு. மூன்று கோப்பை குடித்தபிறகு அடிக்கிற யோசனை விட்டுப்போனது என்று கிறிஸ்துநாயகம் ஒளிக்காமல் எழுதியிருந்தான்.

வள்ளங்களின் பத்திரம் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே கந்தோருக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் ஒரு வயதான அம்மா. சிமியோன் எழுந்து நின்று, எனக்குப் பெண்சாதி பிள்ளைகள் இல்லை, நான் பொய் சொன்னேன் என்று தான் படித்த நோர்வேப் பாஷையில் சொன்னான். அந்த அம்மா பத்திரத்தை வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். திரும்பவும் போட்டு வாசித்தார். எட்டுக் குதிரைவலு போதுமாக இருந்ததோ என்று கேட்டார். இளையதற்குப் போதாது என்று சிமியோன் சொன்னான்.

முடிவு வர மூன்று கிழமை எடுத்தது. பொய்த் தகவல் கொடுத்ததற்குக் கடுமையாக ஒரு கடிதம் வந்தது. ஆனால் அவனுக்கு அனுமதி கொடுத்தது தொழில் எரிந்துபோனதை வைத்துத்தான் என்றும், அதற்கு இதுவரை அவன் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இருக்கவில்லை, இப்போது சங்கத்தின் முத்திரையோடு இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். அனுமதி தொடரும். செபநாயகம் யசிந்தா என்பவர் எவருக்கும் மனைவியல்ல. கலியாணத்துக்குத் தடையில்லை.

கடைசிப் பக்கத்தில் கிறிஸ்துநாயகம் எழுதியிருந்ததை யசிந்தா தாய்க்கு வாசித்துக் காட்டவில்லை. தானே இரண்டு தரம் வாசித்தாள். "அக்கா கேட்டது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்க விட்டிருக்க மாட்டேன். இங்கே கேட்ட பத்திரம் நாலு. அதில் டொக்டர் துண்டு இல்லை. எனக்கும் அது தேவையில்லை. படத்தை அனுப்ப வேண்டாம்."

அவள் மேசையில் கிடந்த உறையை எடுத்து, அதில் சங்கத்துச் சந்தா ரசீதுகளைப் போட்டு வைத்தாள்.

கோயிலில் மூன்று ஞாயிறு கலியாண ஓலை வாசித்தார்கள். இந்தக் கலியாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லவேண்டும் என்று சுவாமியார் கேட்டபோது, பின் வாங்கில் இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. சுவாமியார் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். அடங்கியது. றோஸ் மூன்றாம் ஞாயிறு வந்து பெர்னடெட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

விசா ஆவணியில் வந்தது. யசிந்தா தன்னுடைய பெட்டியைச் சங்கத்து மீன் தராசில் நிறுத்துப் பார்த்தாள். இருபது கிலோவுக்கு மேல் விடமாட்டார்கள். பத்தொன்பதரை. அரைக் கிலோ மிச்சம் இருப்பது தெரிந்ததுபோல, வெளிக்கிடுகிற அன்று விடிய அருமைநாயகி வந்தாள். கையில் ஒடியல் மா, சுறாக் கருவாடு, மிளகாய்த்தூள். மூன்று கிலோவுக்குக் குறையாது.

"கோதுமை மாவிலை கூழ் காய்ச்சிறானாம்," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த அவமானம், பொய்ப் பதிவு வெளிப்பட்ட நாளில்கூட இருக்கவில்லை.

யசிந்தா பெட்டியைத் திறந்து, இரண்டு சீலையையும் ஒரு சோடிச் சப்பாத்தையும் எடுத்துத் தாயிடம் கொடுத்தாள். கருவாட்டை மூன்று பிளாஸ்ரிக் பைக்குள் சுற்றி நடுவில் வைத்தாள். அருமைநாயகி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அங்கை நல்ல பெட்டையள் ஆரும் இருந்தால் பார் பிள்ளை. அவனுக்கும் முப்பது ஆகப்போகுது."

"எப்பிடிப்பட்ட பெட்டை மாமி?"

அருமைநாயகி யோசித்தாள். "சமைக்கத் தெரியத் தேவையில்லை. அதை அவன் செய்வான். ஆரும் பேரைக் கேட்டால் பதட்டப்படாமல் சொல்லத் தெரிஞ்சால் போதும்."

பெட்டியின் பூட்டு உடைந்திருந்தது. செபநாயகம் ஒரு நைலோன் கயிற்றை எடுத்து, பெட்டியைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, வள்ளத்தை நங்கூரத்தில் கட்டுகிற மாதிரி ஒரு முடிச்சைப் போட்டார். பிறகு மகளின் தலையில் கையை வைத்தார். கொழும்பு பஸ் கோர்ன் அடித்தது.

இரண்டு நாள் கழித்து, கட்டுநாயக்காவில் சுங்கக்காரர் ஒருவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். யசிந்தா முயன்றாள், முடியவில்லை. அவர் முயன்றார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார், அவரும் முயன்றார். ஒருவர் கத்தி தேடிப் போனார். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. ஏதோ ஒரு மணம் மெல்ல எழும்பத் தொடங்கியது. சுங்கக்காரர் மூக்கைச் சுருக்கி, பெட்டியைப் பார்த்து, அவளைப் பார்த்து, எங்கே போகிறாய் என்று கேட்டார்.

"நோர்வேக்கு," என்றாள் யசிந்தா. "கலியாணத்துக்கு."

அவர் பெட்டியில் சோக்கால் ஒரு கோடு கீறி, போகச் சொன்னார்.